வால் அறாத கீபோர்டு

பழைய கம்ப்யூட்டர் கீபோர்டில் முதலில் கெட்டுப்போவது எது? எழுத்து அழிந்த கட்டை என்பார் ஒருவர். ஸ்பேஸ் பார் என்பார் இன்னொருவர். கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் பெரியவர் இரண்டையும் ஒப்புக்கொள்வதில்லை. "எழுத்து அழிஞ்சா அழிஞ்சுட்டுப் போகுதுங்க. கட்டையைப் பாத்தா அடிக்கிறோம்? வால்தாங்க முக்கியம். வால் நுனியில இருக்குதே பின்னு, அது போச்சுன்னா எல்லாம் போச்சு" என்கிறார்.

அவருக்கு வயது 64. கடை என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. வாசல் பக்கம் ஜெராக்ஸ் மெஷின், அதையடுத்து மகன் உட்காரும் புதிய கம்ப்யூட்டர். உள்ளே மூலையில், பழைய வேட்டி போர்த்தி, 1997ல் கோவையில் வாங்கிய கம்ப்யூட்டர். வருகிறவர்கள் அதைத் தையல் மெஷின் என்று நினைத்துக்கொள்வதுண்டு. வேட்டியை எடுத்தால் பெரிய கண்ணாடி மானிட்டர், அதன் கீழே ஒவ்வொரு எழுத்துக்கும் 'கடக், கடக்' என்று பதில் சொல்லும் கனமான கீபோர்டு.

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் வழியில் கேரளம் தொடங்கும் இடம் கோபாலபுரம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. இந்தத் தாலுகா ஒரு காலத்தில் கொச்சி ராஜாவுக்குச் சொந்தம். சுற்றிலும் பிரிட்டிஷாரின் ஜில்லாக்கள் இருக்க, கொச்சியின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் தனித்துக் கிடந்தது. 1956ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, தமிழ் பேசும் ஏராளமான வீடுகளோடு கேரளத்தில் நின்றுவிட்டது. பேச்சு கொங்குத் தமிழ், அரசாங்கக் காகிதம் மலையாளம், லாரி டிரைவர் கையில் இருப்பது ஆங்கில பில். இந்த மூன்றுக்கும் இடையில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் எப்போதும் தேவைப்பட்டது. பெரியவர் 20 வருடங்கள் அந்த ஆளாக இருந்தார். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வணிக வரிச் சோதனைச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போனது. கடையில் பாதி வியாபாரமும் அன்றோடு சரி. மிச்சம் இருப்பது கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பாகப்பிரிவினை நகல், கேரள அலுவலகங்களுக்குத் தமிழர்கள் போடும் மனு.

அவர் பொள்ளாச்சியில் டைப்ரைட்டிங் படித்தவர். தமிழ் ஹையர் பாஸ். விரல்கள் பழைய தட்டச்சுப் பலகையில் பழகியவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 என்ற புதிய விசைப்பலகை வந்தது. படிக்க எளிது, அடிக்க வேகம், எல்லாம் சரி. ஆனால் 20 வயதில் மண்டையிலும் விரலிலும் ஏறியதை 40 வயதில் யார் இறக்கி வைப்பது? அவர் பழையதிலேயே இருந்துவிட்டார். கீபோர்டும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி சுவிட்ச் உள்ள ரகம். டி.வி.எஸ். கோல்டு என்ற பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் டிடிபி, வங்கி, நீதிமன்றம் என்று எந்த இடத்தில் வேலை பார்த்தவருக்கும் அந்தச் சத்தம் காதில் கேட்கும். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி சுவிட்சுகள். ஒரு சுவிட்ச் 5 கோடி அழுத்தம் தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. ஒருவர் ஆயுளில் ஒரு எழுத்தை 5 கோடி முறை அடிப்பது கடினம். அதனால் கட்டைகளைப் பற்றிப் பெரியவருக்குக் கவலையே இல்லை. அவர் கவலையெல்லாம் கம்பியின் அந்தக் கோடியில்.

அந்தக் கோடியில் என்ன இருக்கிறது? முதல் ஐபிஎம் பிசி 1981ல் வந்தபோது கீபோர்டுக்குக் கட்டை விரல் தடிமனில் 5 பின் பிளக் வைத்தார்கள். ஜெர்மன் தர நிர்ணய அமைப்பின் பெயரால் அதற்கு 'டின்' பிளக் என்று பெயர். பழைய டேப் ரிக்கார்டர்களின் பின்னால் பார்த்திருக்கலாம். 1987ல் ஐபிஎம் தன் பிஎஸ்-2 கம்ப்யூட்டர்களை வெளியிட்டபோது அதையே சுருக்கி 6 பின் ஆக்கியது. பிறகு வந்த ஊதா நிற முனை அதுதான். பச்சை மவுசுக்கு. பின்கள் 6 இருந்தாலும் வேலை செய்பவை 4தான். ஒன்றில் 5 வோல்ட், ஒன்றில் கிரவுண்ட், ஒன்றில் எழுத்து, ஒன்றில் அந்த எழுத்துக்குத் தாளம் போடும் கடிகாரத் துடிப்பு. மற்ற இரண்டும் சும்மா நிற்கின்றன. வளைந்தது சும்மா நிற்கும் பின் என்றால் கீபோர்டு எதுவுமே நடக்காததுபோல் ஓடும். வேலைக்காரப் பின் வளைந்தால் அன்றைக்குக் கடை லீவு.

சிறிய முனையின் பின் குண்டூசியைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். அதைச் சரியான திசையில் மட்டுமே செருக முடியும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் முளை, ஓரத்தில் வெட்டுகள், எல்லாம் அதற்காகத்தான். ஆனால் எந்த எஞ்சினியரும் நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு. கம்ப்யூட்டரின் முதுகு எப்போதும் சுவர்ப் பக்கம் இருக்கும். செருகுகிறவர் மேஜைக்குக் கீழே தவழ்ந்து, ஒரு கையால் பெட்டியைச் சாய்த்து, மறு கையால் இருட்டில் துளையைத் தேடுவார். கிடைத்ததும் பிளக்கை அழுத்தியபடியே திருப்புவார், எங்கேயாவது உள்ளே இறங்கும் என்று. இறங்கும். சில சமயம் ஐந்து பின்கள் உள்ளேயும் ஒன்று மடங்கி வெளியேயுமாக. பிளக்குகளில் பாதி இப்படித் தடவித் தடவியே செத்தன என்பது பெரியவரின் கணிப்பு.

ஒரு மாமாங்கத்துக்குப் பிறகு பக்கத்து ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. நோட்டீஸ் அடிக்கப் போனால் சண்டை. நன்கொடைதாரர் பெயர்களில் எந்த வீட்டுப் பெயர் முதலில், எது அடுத்தது? முதல் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். "போன தடவை எங்க அப்பாரு பேருதான் மொதல்ல" என்று இரண்டு வீட்டாரும் சொன்னார்கள். அச்சடித்த பழைய நோட்டீஸ் கறையான் வயிற்றுக்குள் போய்விட்டது. அது இருக்கும் ஒரே இடம் வேட்டி போர்த்திய கம்ப்யூட்டர்.

ஏன் அங்கே மட்டும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். பைல்களை மகன் எப்போதோ தன் மெஷினுக்குக் காப்பி எடுத்து வைத்திருக்கிறார். திறந்தால் கொக்கியும் புள்ளியுமாக இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு தமிழ் சாப்ட்வேரும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை இடம் மாற்றி வைத்திருந்தது. பிரபலமான சிலவற்றுக்கு மாற்றுக் கருவிகள் கிடைக்கின்றன. இவருடையதற்குக் கிடைக்கவில்லை. அந்த சாப்ட்வேரைப் புதிய மெஷினில் போடலாம் என்றால் அது டாங்கிள் பூட்டு வைத்துக்கொண்டு வந்தது. திருட்டுக் காப்பிக்குப் பயந்து, பிரிண்டர் சொருகும் இடத்தில் ஒரு சிறு கட்டையைச் செருகினால்தான் ஓடும். புதிய மெஷினில் அந்த இடமே கிடையாது. ஆக, அந்தத் தமிழைப் படிக்க அந்த மெஷின் வேண்டும். அந்த மெஷினை எழுப்ப கீபோர்டு வேண்டும்.

இரண்டு வீட்டாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பெரியவர் ஸ்விட்ச் போட்டார். திரையில் கறுப்பில் வெள்ளையாக வரி வந்தது. கீபோர்டைக் காணவில்லை, தொடர எஃப்1 கட்டையை அழுத்தவும். இல்லாத கீபோர்டில் எஃப்1 எங்கிருந்து அழுத்துவது என்று கம்ப்யூட்டர்காரர்கள் 40 வருடங்களாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பழைய ஜோக் இது. அன்று யாரும் சிரிக்கவில்லை. கடையை வெள்ளையடிக்க வந்தவர்கள் மெஷினை நகர்த்திவிட்டுத் திரும்பச் செருகியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் ஒரு பின் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

அவர் அவசரப்படவில்லை. கண்ணாடியை மாற்றிக்கொண்டு, பிளக்கை வெளிச்சத்தில் வாசல் பக்கம் கொண்டுவந்தார். நோஸ் பிளையரால் பின்னின் நுனியைப் பிடிக்காமல் அடியைப் பிடித்தார். ஒரே தடவையில் நிமிர்த்தவில்லை. கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் விட்டு, பக்கத்துப் பின்னோடு ஒப்பிட்டு, மறுபடி கொஞ்சம். "ஒருக்கா வளைஞ்ச பின்னு நிமிரும். ரெண்டாந்தடவையும் நிமிரலாம். மூணாந்தடவை கையோட வந்துரும்" என்பது அவர் அனுபவம். தகரத்தை மடக்கி மடக்கி உடைக்கிற அதே கதைதான். இதற்கு முன்பு ஒரு கீபோர்டு அப்படிப் போயிருக்கிறது. வேறு பிளக்கை வெட்டி இணைத்தார். கம்பிகளின் நிறத்தை நம்பக் கூடாது என்பது அப்போது தெரிந்தது. ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொரு கம்பெனியில் வேறு வேலை பார்க்கிறது. 5 வோல்ட் போக வேண்டிய இடம் மாறினால் கீபோர்டோடு மதர்போர்டும் போகும். மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு கம்பிக்கும் எந்தப் பின் என்று பார்த்து எழுதிவைத்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும்.

கால் மணி நேரத்தில் மெஷின் எழுந்தது. நோட்டீஸ் திறந்தது. முதல் பெயர் இரண்டு வீட்டிலும் யாருடையதும் இல்லை. நிலம் கொடுத்த மூன்றாவது வீட்டுக்காரர் பெயர். அவர் குடும்பம் திருப்பூர் போய்ப் பல வருடங்கள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது சரி, அது நாயந்தானுங்க" என்று ஒருவர் ஆரம்பிக்க, சண்டை இரண்டாவது இடத்துக்கு இறங்கியது.

அதன் பிறகு பெரியவர் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு பார்க்க வேண்டிய ஒன்று. மெஷினின் பின்னால் ஓர் அரை அடி எக்ஸ்டென்ஷன் கேபிளை நிரந்தரமாகச் செருகி, மறுமுனையை மேஜையின் முன் விளிம்புக்குக் கொண்டுவந்து கிளிப் அடித்திருக்கிறார். கீபோர்டை எடுக்கவோ போடவோ இனி இருட்டில் தடவ வேண்டியதில்லை. கண் எதிரே. தேய்வதும் எக்ஸ்டென்ஷனின் வாய்தான். அது போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். கேபிள் கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லதுதானே என்றால் தலையாட்டுகிறார். மெஷினில் இருப்பது பழைய பெரிய துளை. சிறிய முனையை அதில் செருக நடுவில் ஒரு மாற்றுக் கட்டை தேவைப்படுகிறது. கட்டை, கேபிள், முனை என்று எல்லாம் சேர்ந்து துளையில் தொங்கினால் அந்தக் கனமே துளையைத் தளர்த்திவிடும். அதனால் தொங்கும் இடத்தில் ஒரு மரச் சக்கை முட்டுக் கொடுத்திருக்கிறார்.

பிளக்கின் மேல் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. மருமகளின் நெயில் பாலிஷ். பொட்டு மேலே இருந்தால் திசை சரி. மெஷின் ஓடும்போது பிடுங்கக் கூடாது, செருகவும் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். யூஎஸ்பி பழக்கத்தில் இளைஞர்களுக்கு இது மறந்துவிடுகிறது. யூஎஸ்பியை ஓடும்போது செருகுவதற்கென்றே செய்தார்கள். அதில் கரண்ட் பின்கள் நீளம், செய்திப் பின்கள் குட்டை, முதலில் உயிர் பிறகு பேச்சு. பழைய முனைக்கு அந்த நாசூக்கு கிடையாது. தப்பான நேரத்தில் செருகினால் மதர்போர்டில் கடுகு அளவு ப்யூஸ் ஒன்று போகலாம். போனால் கீபோர்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உதிரியாக இரண்டு கீபோர்டுகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் பிளக்குகள் போட்டோ பிலிம் டப்பாக்களுக்குள் உறங்குகின்றன. மூடியில் கம்பி நுழைய ஒரு வெட்டு, உள்ளே மருந்து பாட்டிலிலிருந்து எடுத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம். ஸ்டூடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் ஒரு பை நிறைய டப்பாக்களைக் குப்பையில் போட இருந்தாராம். கம்பியைக் கீபோர்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதில்லை. அப்படிக் கட்டினால் கம்பி உடலிலிருந்து வெளியே வரும் இடத்தில், ரப்பர் கழுத்துக்குப் பக்கத்தில், செப்பு நூல்கள் ஒவ்வொன்றாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது. கம்பியை ஒரு பக்கம் பிடித்தால் எழுத்து வரும், விட்டால் வராது. அதனால் தேங்காய் அளவு தளர்ந்த வளையமாகச் சுற்றி, வேட்டிக் கரையைக் கிழித்த நாடாவால் கட்டுகிறார். ரப்பர் பேண்ட் ஆகவே ஆகாது. ஒரு கோடை கழிந்ததும் உருகி, கம்பியின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். பின் மேல் பச்சை பூத்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. பக்கத்து டீக்கடைக்காரர் தேங்காய் எண்ணெய் சிபாரிசு செய்தார். கணவாய்க் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வரும் ஊரில் எண்ணெய் தடவினால் என்ன ஆகும் என்று டீக்கடைக்காரருக்கே தெரிய வேண்டும்.

வெளியே இருக்கும் வால் இது. சில கீபோர்டுகளுக்கு உள்ளேயும் வால் உண்டு, அது இன்னும் மோசம். பொள்ளாச்சி ஆசிரியர் ஒருவர் பரணிலிருந்து இறக்கிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். டிபி ஸ்பெக்ட்ரம். 1982ல் இங்கிலாந்தில் சிங்க்ளேர் கம்பெனி வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை 1980களில் புனேயில் இந்தப் பெயரில் செய்தார்கள். டி.வி.யில் செருகி, டேப் ரிக்கார்டரில் புரோகிராம் ஏற்றும் கம்ப்யூட்டர். அதே காலத்தில், 1984-85ல், மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு இங்கிலாந்துக் கம்ப்யூட்டரை 250 பள்ளிகளுக்குக் கொடுத்து ஆரம்பித்தது. இந்தியாவில் ஒரு தலைமுறை முதல் முதலில் கட்டை தட்டியது இவற்றில்தான். இன்று இரண்டும் பரண் பொருள்.

ஸ்பெக்ட்ரத்தின் கட்டைகளுக்கு அடியில் தனித்தனி சுவிட்ச் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், அவற்றின் மேல் கோடு கோடாகக் கடத்தும் மை. தாளின் ஓரத்தில் இரண்டு நாக்குகள் நீண்டு வந்து போர்டில் உள்ள சாக்கெட்டில் இறங்கும். புதிதில் நன்றாக வளைந்து கொடுக்கும். 40 வருட வெயிலுக்குப் பிறகு, காய்ந்த அப்பளம். மூடியைத் தூக்கியதுமே விரிசல்விடும். அதனால் ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க ஒரே யோசனைதான் சொல்கிறார்கள். காரணம் இல்லாமல் திறக்காதே. திறந்தால் முழுசாகத் தூக்காதே, கொஞ்சமாகச் சாய்த்து முதலில் நாக்கைக் கழற்று. நாக்கை ஆட்டாதே, நேராக மேலே இழு. ஐபிஎம்மின் புகழ்பெற்ற மாடல் எம் கீபோர்டுக்கு உள்ளேயும் இப்படி நாக்குகள் உண்டு. தட்டினால் சுவர் இடிகிற சத்தம் போடும் அந்த இரும்பு யானையின் உயிரும் ஒரு பிளாஸ்டிக் நாக்கில்தான் இருக்கிறது.

ஆசிரியரின் பெட்டியில் நாக்கு ஏற்கெனவே நுனியில் வெடித்திருந்தது. ஐந்து கட்டைகள் ஊமை. பெரியவர் வெடித்த நுனியை, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், கத்தரித்துவிட்டு மிச்சத்தைச் செருகினார். வேலை செய்தது. ஆனால் நாக்கு இப்போது விறைப்பாக இழுபட்டு நிற்கிறது. இன்னொரு முறை கத்தரிக்க நீளம் இல்லை. "சார், இனி இதைத் தொறக்காதீங்க. புது தாள் வெளிநாட்டுல செய்யறாங்களாம், அது கிடைச்சா மட்டும் வாங்க" என்று சொல்லி அனுப்பினார். காசு வாங்கவில்லை. ஓட்டிக் காட்டியதற்கு டீ மட்டும்.

மகன் பொறுமைசாலி. ஆனாலும் கேட்டுவிட்டார். நானூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கீபோர்டு கிடைக்கிறது, எதற்கு இந்த ஆபரேஷன் எல்லாம்? பெரியவர் வாதாடவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். தினமும் மாலை ஒரு மணி நேரம் பெரியவர் பழைய மெஷினில் ஒரு பைலைத் திறந்து பிரிண்ட் எடுக்கிறார். மகன் அதைப் பார்த்து யூனிகோடில் அடிக்கிறார். பாகப்பிரிவினைகள் இருக்கின்றன, மூடப்பட்ட தறிப்பட்டறையின் சம்பளப் பட்டியல் இருக்கிறது, தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர் இருக்கிறது, இறந்துபோனவர்களின் கருமாதிப் பத்திரிகைகள் இருக்கின்றன. சில வீடுகளுக்கு அவர்கள் தாத்தாவின் முழுப் பெயர் எழுதப்பட்ட ஒரே காகிதம் அதுதான். சுமார் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கிறது. மீதி முடியும்வரை அந்தப் பின்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

உதிரிக்கு உதிரி தேடுவதுதான் இப்போது சிரமம். கோவையிலிருந்து வாரம் ஒரு முறை வரும் பழைய சாமான் வியாபாரியின் மூட்டையில் கீபோர்டுகள் இருக்கும். ஆனால் எல்லாம் மொட்டை. செம்புக்கு விலை உண்டு என்பதால் மூட்டை கட்டும்போதே கம்பியை அடியோடு வெட்டி, தனி மூட்டையில் போட்டுவிடுகிறார்கள். கீபோர்டு பிளாஸ்டிக் கணக்கில் கிலோவுக்குப் போகிறது, கம்பி செம்புக் கணக்கில். பெரியவர் ஒரு நாள் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். ஊதா முனை உள்ளதை வெட்டாமல் கொண்டுவந்தால் ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதல். பின் எல்லாம் நேராக இருந்தால் 20. போன மாதம் வியாபாரி நான்கு கொண்டுவந்தார். மூன்றுக்கு 10 ரூபாய் கிடைத்தது. நான்காவதை இருவரும் வாசல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பின் லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. பெரியவர் சாய்ந்திருக்கிறது என்றார். வியாபாரி இல்லை என்றார். கடைசியில் 15க்கு முடிந்தது.